கூழில் சேராத படங்கள்

நம் வயதுக்காரர்களைப் பார்த்துக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் படம் இருக்கிறதா? போனில் இருப்பதைச் சொல்லவில்லை. அது என்னிடமும் இருக்கிறது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது, ஒன்றையாவது இரண்டாம் தடவை பார்த்திருப்பேனா என்றால் இல்லை. நான் கேட்பது கையில் எடுத்தால் ஓரம் சுருள்கிற படம். பின்பக்கம் திருப்பினால் யாரோ பென்சிலால் எதையோ எழுதி வைத்திருக்கிற படம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததுபோல் பேச வேண்டாம். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் நான்கு கம்பெனிகளுக்கு என் அடுப்பிலிருந்துதான் சாப்பாடு போகிறது. பெரிய பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் என் சாம்பாருக்காக வரிசையில் நிற்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர் பருப்பை அவர்கள் அம்மாவை விட நன்றாகச் செய்வேன் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதையும் நானேதான் என் கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நான்கில் ஒன்று காகித மில். போன மாதம் அங்கே பழைய காகிதக் கட்டு பிரிக்கிற பெண்களிடம் சும்மா கேட்டேன்.

"பேல்ல படம் வருதாம்மா?"

"இன்னா படம்கா?"

"போட்டோ. மனுசங்க போட்டோ."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். "அட்டப் பொட்டிதான்கா வருது, லோடு லோடா. எல்லாம் போன்ல வாங்குறாங்க இல்ல, அந்தப் பொட்டி. போட்டோலாம் யாருக்கா பேப்பர்ல வெச்சிக்கினு கீறாங்க?"

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவும் நானும் வேறொரு மில்லுக்குப் பின்னால், குடிசை வரிசையில் இருந்தோம். அந்த மில் இப்போது இல்லை, இடத்தில் இரும்பு உருக்குகிறார்கள். எங்களுடைய சொந்த இடம் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனா ஏரியில் மீன் பிடித்தவர். நான் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் விடியலில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனார். ஆளும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. ஆந்திராப் பக்கத்துத் துறை ஒன்றில் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மா பொட்டை அழிக்கவில்லை, வளையலை உடைக்கவில்லை. நாலணா அகலத்துக்குப் பொட்டு. தலையில் எப்போதும் பூ.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். தண்ணீரில் போனவனுக்கு உடம்பு கிடைக்காவிட்டால் அவன் முகமாவது கிடைக்க வேண்டும். ஒரு படத்தை வைத்து, அதன் முன்னால்தான் காரியம் செய்வார்கள். நைனா தன் வாழ்நாளில் படம் எடுத்துக்கொண்டதில்லை. காரியம் பண்ணலாம் என்று வந்தவர்களையெல்லாம் அம்மா, "உடம்பக் காட்டு, இல்ல மூஞ்சியக் காட்டு. ரெண்டும் இல்லாம யாருக்குப் பண்ணுவ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். பெரியவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊர்ப் பேச்சைத் தாங்காமல்தான் அவள் என்னைத் தூக்கிக்கொண்டு மில் வேலைக்கு வந்தது.

அம்மாவுக்குக் காகிதம் பிரிக்கிற வேலை. பேல் என்றால் ஆள் உயரக் கட்டு, கம்பி போட்டு இறுக்கியது. மேஸ்திரி கம்பியை வெட்டுவார். டங் என்று ஒரு சத்தம், கட்டு பெருமூச்சு விட்டதுபோல் விரியும். பழைய புத்தகம், ஆபீஸ் தாள், கடிதம், காலண்டர், எல்லாம் ஈரமும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாசனையோடு சரிந்து விழும். இப்போதும் மழைநாளில் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் என் கால் தானாக நின்றுவிடும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பிரிப்பார்கள். வெள்ளைத்தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம். பிளாஸ்டிக், துணி, போட்டோ இந்த மூன்றையும் பொறுக்கித் தனிச் சாக்கில் போட வேண்டும். காகிதத்தை ஊறவைத்து அரைக்கிற கூழில் போட்டோ சேராது. தப்பித் தவறி உள்ளே போய்விட்டால் புதுக் காகிதத்தில் கறுப்புப் புள்ளியாக வந்து உட்காரும். மேஸ்திரி அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "எவ கண்ணு இது? எவ கண்ணு பொட்டையாப் போச்சு?" என்று கத்துவார்.

அந்தச் சாக்குதான் எங்கள் பொக்கிஷம். பள்ளிக்கூடம் விட்டதும் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் சாக்கைக் கொட்டிக் கவிழ்ப்போம். மெட்ராஸிலிருந்து வருகிற கட்டும் உண்டு, கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிற கட்டும் உண்டு. கப்பல் கட்டில் படம் அதிகம். ஐயோ, அந்தப் படங்களை எப்படிச் சொல்வேன்? வெள்ளை வெளேரென்று தரை, அதில் பிள்ளைகள் உருண்டு விளையாடுகிறார்கள். நாங்கள் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் அது உப்பு என்றே முடிவு செய்தோம். இவ்வளவு உப்பில் உருண்டால் கண் எரியாதா என்று நாள் கணக்கில் சண்டை போட்டோம். நாற்காலியில் மனிதன் மாதிரி உட்கார்ந்திருக்கிற நாய். பல் தெரியச் சிரிக்கிற கிழவிகள். எங்கள் பக்கம் படத்துக்கு நின்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அதுவே எங்களுக்குப் பெரிய அதிசயம். ஒரு படத்தில் ஐந்து பேர் வரிசையாக நிற்க, நடுவில் இருந்தவரின் முகத்தை மட்டும் யாரோ கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டைக்குப் பின்னால் என் கட்டை விரலை வைத்து நகத்தை முகமாக்கி வைத்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு குடும்பம் பிரித்துக்கொண்டோம். எனக்குத் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரச் சித்தப்பா, அவருடைய இரண்டு பெண்கள், ஒரு கார். என் குடும்பம்தான் இருந்ததிலேயே வசதியானது. சித்தப்பா எனக்கு உப்பு மலையைக் காட்டக் கூட்டிப் போவார் என்று மற்ற பிள்ளைகளிடம் அளந்து விடுவேன்.

ஆனால் ஒன்று. எந்தப் படத்தையும் குடிசைச் சுவரில் ஒட்ட விடமாட்டார்கள். "உசுரோட கீறவங்கள சுவத்துல ஏத்தாதீங்கடி" என்று அம்மா கையைத் தட்டிவிடுவாள். எங்களுக்கெல்லாம் சுவரில் ஏறுவது என்றால் செத்துப்போவது என்றுதான் அர்த்தம். வரிசை முழுவதிலும் சுவரில் இருந்த படங்கள் மூன்றோ நான்கோ, எல்லாமே மாலை போட்டவை.

அப்படியென்றால் சாக்கில் வருகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, செத்தவர்களா? யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அத்தனை முகமும் நம்மையே பார்க்கிறது. ஒரு முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் யாரோ ஒருவருக்கு மாமன், யாரோ ஒருவருக்கு மகன் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். கோயிலில் கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

எனக்கு மட்டும் சொந்த நைனா முகம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "உங்க நைனா எப்படி இருப்பாரு?" என்று கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறபோது தொப்பி வைத்த வெள்ளைக்காரர்தான் வருவார். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மழைக்கு முந்தின ஒரு நாள், மெட்ராஸ் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிற அத்தை எங்கள் குப்பத்துக்காரி. அவள் ஒரு படத்தை எடுத்தாள், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், முந்தானையால் துடைத்தாள்.

"ஏம்மே, இங்க பாரு. இது நம்ம ஏரி இல்ல? இவரு… உன் ஊட்டுக்காரரு மாரியே கீறாரே!"

அம்மா வாங்கிப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. "இல்ல" என்றாள். சாக்கில் போட்டாள். அடுத்த தாளை எடுத்தாள்.

"நல்லாப் பாருமே."

"அதான் இல்லன்றேன் இல்ல? வேலையப் பாரு."

நான் சாக்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளை, சுற்றி வெள்ளைக் கரை. எங்கள் ஏரிக்குச் சுற்றிப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த யாரோ எடுத்திருக்க வேண்டும். முன்னால் ஒரு படகு. அதில் ஒரு இளவயதுக்காரர், தலையில் துண்டு, வெற்றுடம்பு. ஒரு கையால் கழியைத் தண்ணீரில் ஊன்றி, மற்றக் கையை இடுப்பில் வைத்து, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தபடி சிரிக்கிறார். பின்னால் கரையில் ஒரு பலகை, அதில் எழுத்து. நான் அந்தச் சிரிப்பையே பார்த்தேன். கண்ணை மூடினேன். வெள்ளைக்காரச் சித்தப்பா வரவில்லை.

அத்தை வாய் சும்மா இருக்குமா? குப்பத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். நான்காம் நாள் பெரியப்பா வந்து நின்றார். நைனாவுக்கு அண்ணன். பழவேற்காட்டிலிருந்து சைக்கிள் மிதித்தே வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி படம் கெடச்சிச்சாமே?"

"எவ சொன்னா? யாரோ ஒரு ஆளு மாமா. சாக்குல போட்டாச்சு, லாரில போயிட்டிருக்கும்" என்றாள் அம்மா.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என்னிடம் இருக்கிற ஒன்றை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றும் பொறுக்காது, இன்றும் பொறுக்காது.

"எங்கிட்ட கீது பெரியப்பா!"

பாவாடை மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

பெரியப்பா படத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். "தோப்பு அந்தாண்ட இல்ல வரணும், இந்தாண்ட கீது" என்று ஒருமுறை முணுமுணுத்தார். "எங்க நின்னு எடுத்தானோ." பிறகு, "தம்பிதான்" என்றார். "பெருசு பண்ணிக்கினு வந்து, நாலு பேர வெச்சி, முறையா பண்ணிடலாம்மா. எத்தினி நாளைக்கி அவன் தண்ணி இல்லாம சுத்துவான்?"

அவர் போகும்போது நானும் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். திரும்ப வாங்கிக்கொண்ட படத்தை என் கையிலிருந்து தருவதாக இல்லை. கடைத்தெருவில் ஸ்டுடியோ. நான் முதல்முதலாக ஸ்டுடியோ பார்த்தது அன்றுதான். திரையில் வரைந்த மாளிகை, குடை வைத்த விளக்கு, ஓரமாக ஆள் உயரக் கண்ணாடி, அதன்கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். எல்லாவற்றின் மேலும் ஏதோ புளித்த மருந்து வாசனை.

ஸ்டுடியோக்காரர் படத்தைப் பார்த்தார். "சட்டை போட்டுத் தந்துடறேன். கோட்டு வேணும்னாலும் போடலாம். தலைல துண்ட எடுத்துட்டு முடி வெச்சிடலாம்."

பெரியப்பா பதறிவிட்டார். "எதுவும் மாத்தாதீங்கய்யா. கீறது கீறபடியே பெருசு பண்ணிக் குடுங்க, அது போதும்." சொல்லிவிட்டு பீடி பற்ற வைக்க வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்ற வைக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். தோள் ஆடியது.

நான் ஸ்டுடியோக்காரரிடம் என் பெருமையை ஆரம்பித்தேன். "எங்க வரிசையிலயே எனக்குத்தான் படிக்கத் தெரியும். ஆனா இந்தப் பலகையில இருக்கிறது மட்டும் வரல. தப்பா எழுதிக்கீறாங்க."

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், சிரித்தார். "தப்பா எழுதலம்மா. பிலிமைத் திருப்பிப் போட்டு அடிச்சிட்டான். இடது வலதாப் போச்சு, வலது இடதாப் போச்சு. இங்க வா." என்னைப் பெரிய கண்ணாடி முன்னால் நிறுத்திப் படத்தை அதற்கு எதிரே பிடித்தார். "இப்பப் படி."

கண்ணாடிக்குள் பலகை எழுத்து நேராக நின்றது. ப-ட-கு-த்-து-றை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். படகுத்துறை! தோப்பு அந்தப் பக்கம் போய்விட்டது. படகு மறுபக்கம் திரும்பியது. சிரிக்கிற ஆள் கை மாற்றிக் கழியைப் பிடித்துக்கொண்டார். ஒரு காகிதத்துக்குள் இருந்த ஏரி முழுவதும் என் கண்ணெதிரே புரண்டு படுத்தது. நாலு கம்பெனி, மூன்று வண்டி, வேப்பம்பட்டில் மாடி வீடு, எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த மாதிரி ஒரு ஆச்சரியம் எனக்குத் திரும்ப வரவே இல்லை.

பெரியப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது எனக்கும் கண்ணாடிக்கும் மட்டும் தெரிந்த வித்தையாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். சின்னப் படம் என்னிடமே திரும்பி வந்தது.

அடுத்த வாரம் பெரியப்பா வந்தார். குப்பத்துப் பெரியவர்கள் மூன்று பேர், பெண்கள் நாலைந்து பேர். செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிச் சட்டம், கதம்ப மாலை, ஒரு வெள்ளைப் புடவை. குடிசை வாசலில் பாய் விரித்தார்கள். வரிசையே கூடிவிட்டது. பெண்களில் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து, வளையலின்மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஓடிவிடப் போகிறாள் என்பதுபோல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தைக் கொடுத்தால் நைனா வருவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவின் பொட்டு போகும் என்று நினைக்கவில்லை.

காகிதத்தைப் பிரித்தார்கள். சொன்னபடியே எதையும் மாற்றாமல் பெரிதாக்கியிருந்தார்கள். முகம் பெரிதாகப் பெரிதாகப் புள்ளி புள்ளியாகிக் கரைந்துபோயிருந்தது. ஆனால் கை நன்றாகத் தெரிந்தது, கழி நன்றாகத் தெரிந்தது.

"சொல்லும்மா" என்றார் பெரியவர் ஒருவர். "மூஞ்சி கேட்ட. மூஞ்சி கொண்டாந்துட்டோம்."

அம்மா எழுந்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது அவரு இல்ல. கையப் பாருங்க. சோத்துக்கையால கழி ஊனிக்கினு கீறான் இவன். எங்கூட்டுக்காரரு பீச்சாங்கை. சோறு துன்றதத் தவுத்து அவருக்கு எல்லாமே பீச்சாங்கைதான்." பெரியப்பா பக்கம் திரும்பினாள். "இன்னா மாமா, மறந்துட்டியா? தாலிய பீச்சாங்கையால எடுத்தாருன்னு மணையிலயே உங்கம்மா அவரு கைமேல போட்டாங்களே ஒண்ணு. ஊரே சிரிச்சிச்சே. நீயும்தான சிரிச்ச?"

பெரியப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆமா" என்றார். "பீச்சாங்கைதான். வலையும் அதுலதான் வீசுவான்."

"அப்ப இது?"

"தெரியல" என்றார் பெரியப்பா. "மூஞ்சி அவன் மாரியேதான்… தெரியல."

வளையலின்மேல் விரல் வைத்திருந்தவள் கையை எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். "பேஜாரு பண்ணிட்டியேப்பா" என்று ஒருவர் பெரியப்பாவைத் திட்டிக்கொண்டே போனார். மாலையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, ஆடு தின்றது.

நான் குடிசைக்குள் ஓடினேன். பீச்சாங்கை! கண்ணாடிக்குள் அவர் பீச்சாங்கையால்தான் கழி பிடித்திருந்தார். அப்படியென்றால் அது நைனா. சந்தேகமே இல்லாமல் என் நைனா. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஓடிப்போய்ப் பெரியப்பாவின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சோறு தின்னாமல் இருப்பது மாதிரி. மூன்று நாள் இருந்தேன். காய்ச்சலே வந்துவிட்டது.

நான்காம் நாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்ப, கைக்கண்ணாடியைத் தூணில் மாட்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் படுத்தபடியே சொன்னேன்.

"அம்மா, அது கடைக்காரன் பிலிமத் திருப்பிப் போட்டு அடிச்ச படம். ஸ்டுடியோக்காரர் காமிச்சாரு. கண்ணாடில பாத்தா பீச்சாங்கை."

பொட்டு வைத்த விரல் நெற்றியிலேயே நின்றது.

"யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல."

"எடு அத."

மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் உயர்த்திக் கண்ணாடிக்குக் காட்டினாள். நான் எழுந்து அவள் இடுப்போரம் நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அம்மா முகம், பக்கத்தில் இத்தனூண்டு உருவமாக அவர், பீச்சாங்கையால் கழியூன்றிக்கொண்டு. இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பாத்துக்கோ" என்றாள் அம்மா. "நல்லாப் பாத்துக்கோ. உன் நைனாதான்."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"கட்டினவளுக்கு மூஞ்சி தெரியாதாடி? சாக்குல போடும்போதே தெரியும். கைதான் எப்படி மாறிச்சின்னு தெரியல. மூணு நாளா அதையேதான் நெனச்சிக்கினு கீறேன். அத்தினி பேரு சுத்தி நிக்கறப்போ, படத்தப் பாக்கறேன், கை மாறிக் கீது. சாமிதான் எனக்காவ மாத்திக் குடுத்துச்சின்னு நெனச்சிட்டேன்."

சாமி இல்லை, பிலிமைத் திருப்பிப் போட்ட யாரோ ஒரு கடைக்காரன் என்று நான்தான் இப்போது சொல்லியாகிவிட்டது. அழுகை வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தாள்.

"கடைக்காரனா? சரி போ. எவனா இருந்தா இன்னா, நல்லாருக்கட்டும் அவன்."

அரைகுறையாக நின்ற பொட்டை வட்டமாக்கி முடித்தாள். பூ வைத்துக்கொண்டாள். கஞ்சியை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கதவருகே திரும்பி, "வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்" என்றாள்.

திறக்கவில்லை. நைனாவும் வரவில்லை.

நம் வயதில் எல்லோருக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கிற வேலைதானே. பெரியப்பாவை அன்று நான் பேராசைக்காரர் என்று நினைத்தேன். ஏரியில் மீன் பிடிக்க ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு, தம்பியின் முறையைத் தன் மகனுக்கு எழுதிக்கொள்ளத்தான் துடிக்கிறார் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள், நானும் நம்பினேன். ஸ்டுடியோ சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகு இப்போதுதான் எனக்கு அர்த்தமாகிறது. தம்பிக்காக வாய்விட்டு அழ ஒரு நாள் கேட்டார் அந்த மனுஷன், அவ்வளவுதான். அந்த நாளை அவருக்குக் கொடுக்க என்னால் முடிந்திருக்கும். அவர் போய்ச் சேரும்வரை நான் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு நல்லது செய்தேன் என்று பெருமை பேசிக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பெருமை வருவதில்லை.

அம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டில்தான் போனாள். பொட்டோடு, பூவோடு, சிவப்புப் புடவையில் அனுப்பினேன். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் என் வீட்டில் வந்து என்னிடம் சத்தமாகப் பேச இன்னும் யாரும் பிறக்கவில்லை.

மாட்டி வைக்க அம்மா படம் வேண்டுமே. போனில் தேடினால் இருக்கிறது, ஆனால் எல்லாம் கல்யாணப் பந்தியில் பாதி முகம், பேத்தி பின்னால் கால் முகம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருவள்ளூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அம்மாவின் துணிப்பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்த அந்தச் சின்னப் படத்தையும் எடுத்துப் போயிருந்தேன். இரண்டையும் ஒரே அளவில் போட்டுத் தரச் சொன்னேன்.

கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, இது திரும்பிக் கீதும்மா. பின்னாடி எழுத்து பாருங்க. ஒரு நிமிசம், நேராக்கிடறேன். ரெண்டு படத்தையும் பக்கத்துல மாட்டினா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கற மாரியும் வரும்."

சொல்லிக்கொண்டே ஒரு விசையைத் தட்டிவிட்டாள். ஏரி புரண்டது. கை மாறியது. நைனா அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. கடையில் பின்னால் நின்றவர்கள் செருமினார்கள்.

"இல்லம்மா" என்றேன். "முன்ன இருந்த மாரியே போட்ரு."

இப்போது கூடத்தில் இரண்டு படமும் இருக்கின்றன. மாலை அம்மாவுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் சோற்றுக்கையால் கழியூன்றி வேறு பக்கம் பார்த்துச் சிரிக்கிற ஆளைக் காட்டி, இவர் யார் என்று கேட்பார்கள்.

"யாரோ படகுக்காரரு" என்பேன். "எங்கம்மா மில்லுல வேலை செய்யும்போது பேல்ல வந்த படம்."